வயிற்றைக் காக்கும் மூட்டுவலி மாத்திரை இருக்கிறதா?

கேள்வி இதுதான்: "அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம். டைக்ளோஃபெனாக் போட்டால்தான் நடமாட முடிகிறது. நான்கு வருடம் முன்பு வயிற்றில் புண் வந்து ரத்தம் கசிந்து மருத்துவமனையில் இருந்தார். இதயத்துக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரினும் தினமும் எடுக்கிறார். வலியையும் குறைத்து வயிற்றையும் காக்கிற மாதிரி மாத்திரை ஏதாவது உண்டா?"

உண்டு. ஒரே மாத்திரைக்குள் வலி மருந்தையும் வயிற்றுக்கான மருந்தையும் சேர்த்தே தயாரிக்கிறார்கள். தனியாக ஒரு வயிற்று மாத்திரையைத் துணைக்குக் கொடுப்பதும் வழக்கம். வயிற்றை ஓரளவு விட்டுவைக்கிற செலிகாக்சிப் போன்ற வலி மாத்திரைகளும் இருக்கின்றன. ஆனால் உங்கள் அம்மாவுக்கு இந்த மூன்றில் எதுவும் தனியாகப் போதாது. முன்பு ரத்தக்கசிவு வந்தவர், ஆஸ்பிரின் எடுப்பவர், 65 வயதைக் கடந்தவர். வயிற்று மாத்திரை துணையில்லாமல் டைக்ளோஃபெனாக் போய்க்கொண்டிருக்கிறது என்றால், அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரிடம் பேசுங்கள். மீதியைப் பொறுமையாகப் படிக்கலாம்.

வலி மாத்திரை ஏன் வயிற்றைப் புண்ணாக்குகிறது என்பது புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. நம் உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. மூட்டில் வீக்கத்தையும் வலியையும் கூட்டுவது அது. இரைப்பையில் அதே குடும்பத்துப் பொருள்தான் சளிப்படலத்தைத் தடிமனாக வைத்து, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டைச் சுரக்கவைத்து, சுவருக்கு ரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் இந்தப் பொருள் உருவாவதைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன என்பதை 1971-இல் பிரிட்டிஷ் மருந்தியல் அறிஞர் ஜான் வேன் காட்டினார். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென் எல்லாமே இதே வழியில்தான் வலியைக் குறைக்கின்றன. மூட்டில் கிடைக்கும் நன்மையும் வயிற்றில் வரும் கெடுதலும் ஒரே செயலின் இரண்டு பக்கங்கள்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மாத்திரை வயிற்றுச் சுவரில் பட்டு அரிப்பது சேதத்தின் ஒரு சிறு பகுதிதான். பெரும்பகுதி, மருந்து ரத்தத்தில் கலந்த பிறகு நடக்கிறது. அதனால்தான் குடலில் போய்க் கரையும்படி மேற்பூச்சுப் போட்ட மாத்திரையாலும் அல்சர் வருகிறது. ஆசனவாயில் வைக்கும் மருந்தாலும் வருகிறது, ஊசியாலும் வருகிறது. "சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் ஆகாது" என்பது வீடுகளில் வேரூன்றிப்போன நம்பிக்கை. சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டலும் எரிச்சலும் குறையலாம். புண் வராது என்று அதற்கு அர்த்தமில்லை.

எரிச்சல் இல்லையென்றால் புண்ணும் இல்லை என்று நினைப்பதும் அதே மாதிரி ஆபத்தானது. வலி மாத்திரையால் வரும் அல்சரில் பலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. வலியைக் குறைக்கும் மருந்தை எடுத்துக்கொண்டிருப்பதால் வயிற்று வலியும் மங்கிவிடலாம். முதல் அறிகுறியே ரத்தக்கசிவாக இருப்பதுண்டு. மறுபக்கம், நெஞ்செரிச்சலால் அவதிப்படுபவரை எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் பல நேரம் புண்ணே இருக்காது. ஆகவே வயிற்றுக்குப் பாதுகாப்பு தேவையா என்பதை எரிச்சலை வைத்து முடிவு செய்யக் கூடாது. முன்பு புண் வந்ததா, வயது என்ன, எவ்வளவு டோஸ், கூடவே என்ன மருந்து என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, ஒரே மாத்திரையில் இரண்டும் சேர்ந்த வகைகளுக்கு வருவோம்.

இவற்றில் பழையது டைக்ளோஃபெனாக்கும் மிசோபுரோஸ்டாலும் சேர்ந்தது. நடுவில் மேற்பூச்சோடு டைக்ளோஃபெனாக் 50 அல்லது 75 மில்லிகிராம், அதைச் சுற்றி மிசோபுரோஸ்டால் 200 மைக்ரோகிராம். வலி மருந்து தடுத்துவிட்ட புரோஸ்டாகிளாண்டினுக்குப் பதிலாக அதே மாதிரி ஒரு பொருளை வெளியிலிருந்து கொடுப்பதுதான் இதன் யோசனை. அந்த வகையில் நேரடியான மாற்று இதுதான். 1995-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) வலி மாத்திரை எடுக்கும் எட்டாயிரத்துக்கும் அதிகமானவர்கள் சேர்க்கப்பட்டார்கள். மிசோபுரோஸ்டாலும் சேர்த்து எடுத்தவர்களுக்கு ரத்தக்கசிவு, ஓட்டை விழுவது போன்ற கடுமையான சிக்கல்கள் 40 சதவீதம் அளவுக்குக் குறைந்தன. ஆனால் வயிற்றுப்போக்கும் வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலியும் பலருக்கு வருகின்றன, அதனாலேயே பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். இன்னொன்று, மிசோபுரோஸ்டால் கருப்பையைச் சுருங்கவைக்கும், கருச்சிதைவை உண்டாக்கும். கர்ப்பமாக இருப்பவர்களும், கருத்தரிக்க வாய்ப்புள்ளவர்களும் இதை மூட்டுவலிக்காகத் தொடவே கூடாது. வீட்டில் அம்மாவுக்கு வாங்கிய அட்டையிலிருந்து "எனக்கும் முதுகு வலி" என்று மகள் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இந்த மாத்திரையில் பெரிய விபரீதமாகிவிடும்.

அடுத்தது நாப்ராக்சென், எசோமெப்ரசோல் கூட்டு. இதன் அமைப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். வெளிப்படலத்தில் எசோமெப்ரசோல் 20 மில்லிகிராம் இருக்கிறது. வயிற்றுக்குள் போனதும் முதலில் கரைவது அதுதான். உள்ளே இருக்கும் 375 அல்லது 500 மில்லிகிராம் நாப்ராக்சென், சுற்றுப்புறத்தின் அமிலத்தன்மை நன்றாகக் குறைந்த பிறகே கரையும்படி பூச்சு போட்டிருக்கிறார்கள். அமிலத்தைக் குறைக்கும் மருந்து முன்னால், வலி மருந்து பின்னால் என்பது திட்டம். இதனால்தான் இந்த மாத்திரையை உடைத்தோ, மென்றோ, பொடித்தோ போடக் கூடாது. உடைத்தால் வரிசையே குலைந்துவிடும். காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்பு போட வேண்டும். வலி வந்தவுடன் சட்டென்று கேட்கவும் செய்யாது, ஏனென்றால் நாப்ராக்சென் தாமதமாகத்தான் வெளியே வருகிறது. திடீர் வலிக்கு இது சரிப்படாது.

மூன்றாவது, ஐபுப்ரோஃபென் 800 மில்லிகிராமும் அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஃபமோடிடின் 26.6 மில்லிகிராமும் சேர்ந்து, நாளைக்கு மூன்று வேளை. அந்த 26.6 என்ற விசித்திரமான எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. மூன்று வேளை சேர்ந்தால் ஃபமோடிடின் ஏறத்தாழ 80 மில்லிகிராம் ஆகிறது, வழக்கமான அளவைப்போல இரண்டு மடங்கு. இந்த வகை மருந்தை வழக்கமான அளவில் கொடுத்தால் முன்சிறுகுடல் புண்ணைத்தான் தடுக்கிறது, இரைப்பைப் புண்ணை நம்பும்படி தடுப்பதில்லை. இரண்டு மடங்கு கொடுத்தால்தான் இரண்டையும் தடுக்கிறது. ஆகவே "நான் ராத்திரி ஒரு ஃபமோடிடின் போடுகிறேனே" என்பதை முழுப் பாதுகாப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. அமிலத்தை முறிக்கும் திரவ மருந்துகளும் அப்படித்தான். எரிச்சலைத் தணிக்கும், புண்ணைத் தடுக்காது. சொல்லப்போனால் அறிகுறியை மூடி மறைத்து மெத்தனத்தைக் கொடுப்பதால் அதில் கொஞ்சம் ஆபத்தும் உண்டு.

கூட்டு மாத்திரை நல்லதா, தனித்தனியாகப் போடுவது நல்லதா? என் கருத்து, பெரும்பாலானவர்களுக்குத் தனித்தனிதான் நல்லது. கூட்டு மாத்திரையின் உண்மையான லாபம் ஒன்றே ஒன்று: வயிற்று மாத்திரையை மறக்க முடியாது. அது சின்ன லாபம் அல்ல. வலி மாத்திரையை யாரும் மறப்பதில்லை, வலியே ஞாபகப்படுத்திவிடும். வயிற்று மாத்திரை போடாவிட்டால் அன்றைக்கு எதுவும் தெரியாது, அதனால் நாலைந்து வாரத்தில் தானாக நின்றுவிடுகிறது. மருந்துப் பெட்டியைச் சரியாகப் பராமரிக்க முடியாதவர்களுக்குக் கூட்டு மாத்திரை பொருத்தம். ஆனால் அதில் டோஸைக் குறைக்க வழியில்லை. வலி குறைந்த நாட்களில் வலி மருந்தை மட்டும் விட்டுவிடவும் முடியாது. "வயிற்றுக்குப் பாதுகாப்பானது" என்ற நம்பிக்கையில், உள்ளே இருப்பது முழு அளவு நாப்ராக்சென் என்பதை மறந்து, தலைவலிக்கு இன்னொரு ஐபுப்ரோஃபெனையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு வலி மருந்து சேரும்போது வலி இரண்டு மடங்கு குறைவதில்லை, புண் வரும் வாய்ப்புதான் கூடுகிறது.

தனியாகத் துணைக்குக் கொடுப்பது பெரும்பாலும் ஒமெப்ரசோல், பான்டோபிரசோல், எசோமெப்ரசோல், ரபெப்ரசோல், லான்சோபிரசோல் வகை. வயிற்றின் அமிலச் சுரப்பிகளை அடைத்துவைக்கும் மருந்துகள் இவை. இரைப்பை, முன்சிறுகுடல் இரண்டிலும் புண்ணைத் தடுப்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, மிசோபுரோஸ்டாலின் தொந்தரவும் இல்லை. காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, தினமும். எரிச்சல் வரும்போது மட்டும் போட்டால் தடுப்பு கிடைக்காது. வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு மெக்னீசியமும் பி12-ம் குறையலாம், சில குடல் தொற்றுகளும் எலும்பு முறிவும் கொஞ்சம் அதிகம் காணப்படுகின்றன. உங்கள் அம்மா போன்ற ஒருவருக்கு அந்தப் பயத்தால் இதை நிறுத்துவது தவறான கணக்கு. முன்பு ரத்தம் கசிந்த வயிறு மறுபடி கசிவதுதான் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் ஆபத்து. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: இந்த மருந்துகள் காப்பது மேல்பகுதியைத்தான். சிறுகுடலின் கீழ்ப்பகுதியில் வலி மாத்திரையால் வரும் அரிப்பையும் மெதுவான ரத்த இழப்பையும் இவை தடுப்பதில்லை. காரணம் தெரியாமல் ரத்தசோகை வந்தால் அங்கேயும் தேட வேண்டியிருக்கும்.

இனி செலிகாக்சிப். புரோஸ்டாகிளாண்டினை உருவாக்கும் நொதியில் காக்ஸ்-1, காக்ஸ்-2 என்று இரண்டு வகை. வயிற்றைக் காப்பதில் முதலாவதற்குப் பெரும்பங்கு, வீக்கத்தில் இரண்டாவதற்கு. இரண்டாவதை மட்டும் தடுத்தால் வலியும் போகும், வயிறும் பிழைக்கும் என்ற நம்பிக்கையில் 1990-களின் கடைசியில் இந்த மருந்துகள் வந்தன. வயிற்றைப் பொறுத்தவரை நம்பிக்கை பெருமளவு பலித்தது. இதே வகையைச் சேர்ந்த ரோஃபெகாக்சிப் என்ற மருந்தை நாப்ராக்செனோடு ஒப்பிட்ட ஆய்வில் மேல்வயிற்றுச் சிக்கல்கள் பாதியாகக் குறைந்தன. ஆனால் அதே ஆய்வில் மாரடைப்பு அதிகம் தெரிந்தது. கடைசியில் 2004 செப்டம்பரில் ரோஃபெகாக்சிப் உலகச் சந்தையிலிருந்தே விலக்கிக்கொள்ளப்பட்டது. வயிற்றை மட்டும் பார்த்து ஒரு மருந்தைத் தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடக் கசப்பான பாடம் வேண்டியதில்லை. செலிகாக்சிபின் நிலை அவ்வளவு மோசமில்லை. 24,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், மிதமான டோஸில் அது இதயத்துக்கு நாப்ராக்சென், ஐபுப்ரோஃபென் இரண்டையும்விட மோசமாக இல்லை. அதற்காக இதய நோயாளிக்குக் கவலையில்லாத மருந்து என்று ஆகிவிடாது. இந்தக் குடும்பத்தில் எல்லா மருந்துமே ரத்த அழுத்தத்தை ஏற்றலாம், நீர் கோக்கவைக்கலாம், சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தலாம்.

உங்கள் அம்மா விஷயத்தில் முடிச்சு ஆஸ்பிரின். குறைந்த அளவு ஆஸ்பிரினும் காக்ஸ்-1-ஐத் தடுக்கிறது. செலிகாக்சிப் கொடுக்கும் வயிற்றுச் சலுகையில் பெரும்பகுதியை அது தின்றுவிடுகிறது. ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் கூடாது, அது மாரடைப்பைத் தடுக்கத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. இன்னொரு சிக்கல், ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் அந்த நல்ல வேலையையே மறித்துவிடலாம். அதனால் வீட்டில் இருக்கும் ஐபுப்ரோஃபெனை அவருக்குக் கொடுக்க வேண்டாம்.

இப்படிப்பட்டவர்களை வைத்தே ஹாங்காங்கில் ஓர் ஆய்வு நடந்து 2017-இல் வெளியானது. 514 பேர். எல்லோருக்கும் முன்பு வயிற்று ரத்தக்கசிவு வந்திருந்தது, எல்லோருக்கும் ஆஸ்பிரின் தேவைப்பட்டது, எல்லோருக்கும் மூட்டுவலி மாத்திரையும் தேவைப்பட்டது. ஒரு பாதிக்கு செலிகாக்சிப் 100 மில்லிகிராம் இரு வேளை, மறுபாதிக்கு நாப்ராக்சென் 500 மில்லிகிராம் இரு வேளை. இரு தரப்புக்கும் எசோமெப்ரசோல் உண்டு. 18 மாதத்தில் மறுபடி ரத்தம் கசிந்தது செலிகாக்சிப் தரப்பில் 5.6 சதவீதம் பேருக்கு, நாப்ராக்சென் தரப்பில் 12.3 சதவீதம் பேருக்கு. அதாவது வலி மாத்திரையைத் தவிர்க்கவே முடியாது என்ற நிலையில், செலிகாக்சிபும் வயிற்று மாத்திரையும் சேர்ந்ததுதான் இருப்பதில் நல்ல தேர்வு. அதிலும் நூற்றில் ஐந்தாறு பேருக்கு மறுபடி கசிந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நாப்ராக்சென், எசோமெப்ரசோல் கூட்டு மாத்திரையை உங்கள் அம்மாவுக்கு நான் பரிந்துரைக்காததற்கும் இந்த 12.3 தான் காரணம்.

மாத்திரையை மாற்றுவதற்கு முன்பே கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: நான்கு வருடம் முன்பு ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமிக்குப் பரிசோதனை செய்தார்களா? இருந்தால் சிகிச்சை கொடுத்தார்களா? அது ஒழிந்ததா என்று மறுபடி பார்த்தார்களா? அந்தக் கிருமியும் வலி மாத்திரையும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் புண்ணுக்கான வாய்ப்பு பல மடங்காகிறது. ஒன்றிரண்டு வாரச் சிகிச்சையில் ஒழித்துவிடக்கூடிய காரணம் அது. மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்யும்போது ஒமெப்ரசோல் வகை மருந்து போய்க்கொண்டிருந்தால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். வழக்கமாக இரண்டு வாரம் நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு அந்த இரண்டு வாரத்தில் வலி மாத்திரை கூடாது என்பதையும் மருத்துவரிடம் சேர்த்துப் பேசி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், மாத்திரையின் தேவையையே குறைக்கும் வழிகள். முட்டித் தேய்மானத்துக்கு டைக்ளோஃபெனாக் ஜெல்லை நான் மிகவும் ஆதரிக்கிறேன். முட்டியும் கைவிரல் மூட்டுகளும் தோலுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஜெல் அங்கே நன்றாக வேலை செய்கிறது. மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் கலக்கும் அளவு ஆறு சதவீதம்போலத்தான். பலர் "ஜெல் போட்டோம், கேட்கவில்லை" என்பார்கள். பார்த்தால் விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து வலிக்கும் இடத்தில் மட்டும் தடவியிருப்பார்கள். 1 சதவீத ஜெல் என்றால் ஒரு முட்டிக்கு ஒரு தடவைக்கு 4 கிராம், முன்னும் பின்னும் பக்கவாட்டிலும், நாளைக்கு நான்கு முறை. ஓரிரு வாரம் தொடர்ந்து போட்டுவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும். ஜெல்லும் மாத்திரையும் ஒன்றாக வேண்டாம். முன்பு ரத்தம் கசிந்தவர் என்பதால் ஜெல்லையும் மருத்துவருக்குத் தெரிந்தே போடுங்கள். தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி, எடை அதிகமென்றால் குறைப்பது, தேவைப்பட்டால் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி, இவை வயிற்றைத் தொடாமல் வலியைக் குறைப்பவை. பாராசிட்டமால் வயிற்றுக்கு நல்லதுதான், ஆனால் தேய்மான வலிக்கு அதன் பலன் சிறிது.

மூட்டுவலி முடக்குவாதத்தால் என்றால் கதை வேறு. அங்கே வலி மாத்திரை வலியை மட்டும் குறைக்கும், மூட்டு அழிவதை நிறுத்தாது. மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தால் நோயே அடங்கினால் வலி மாத்திரையின் தேவையும் தானாகக் குறையும். வயிற்றைக் காக்க அதுவும் ஒரு வழிதான்.

மருத்துவரிடம் போகும்போது எல்லா மருந்து அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், அபிக்சபான், குளோபிடோகிரெல், மனச்சோர்வுக்கான செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் வகை, இவையெல்லாம் வலி மாத்திரையோடு சேரும்போது ரத்தக்கசிவு வாய்ப்பைக் கூட்டுபவை. மூட்டுவலிக்கே சில சமயம் எழுதப்படும் டுலாக்சிடினும் இந்தப் பட்டியலில் வரும். ரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவரென்றால், சிறுநீரகத்துக்காக கிரியேட்டினின் பரிசோதனையும் கேளுங்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் செலிகாக்சிப் எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இதற்கிடையில் மலம் தார் மாதிரிக் கறுப்பாக, ஒட்டிக்கொள்ளும்படி, கடும் நாற்றத்தோடு போனாலோ, வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் கரைத்த மாதிரியோ வந்தாலோ, திடீரென்று கடுமையான வயிற்று வலி வந்தாலோ, நின்றால் தலைசுற்றி வியர்த்துக் கொட்டினாலோ, நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அடுத்த வேளை வலி மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் முன்பு ரத்தம் கசிந்த ஒருவருக்கு அது இரும்பால்தான் என்று வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டாம். அங்கே போனதும் முதலில் சொல்ல வேண்டியது: முன்பு அல்சர் கசிந்திருக்கிறது, டைக்ளோஃபெனாக்கும் ஆஸ்பிரினும் எடுக்கிறார், கடைசியாக எப்போது போட்டார்.